திருப்பாடுகளின் மேடையில் குற்றவாளி யார்?

தவக்காலம் பிறந்துவிட்டால் நமது மாத்தளை மாவட்டத்துப் பங்குகள் பலவற்றில் ஒத்திகைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பால்வெட்டும் கொழுந்தெடுப்பும் முடிந்து, முகம் கழுவிக்கொண்டு வரும் இளைஞர்கள் மாலையில் கோவில் முற்றத்தில் கூடுவார்கள். ஒருவருக்கு யேசுவின் பாத்திரம், ஒருவருக்கு இராயப்பர், ஒருவருக்குப் பிலாத்து. எஞ்சியோர் எல்லாரும் 'யூதர்'. அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியதே இப்படிப்பு.

பெரிய வெள்ளி இரவில் எமது பாட்டிமார் பாடிய ஒப்பாரிகளில் 'யூதப் பாதகர்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ம் நூற்றாண்டில் ஆக்கித் தந்த வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசித்து அழுத நாடு இது. பேசாலையிலும் நீர்கொழும்புத் துவாவிலும் பாஸ் காட்சி தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து. யூதர் ஒருவரையேனும் நேரிற் கண்டறியாத எமக்கு அது ஓர் இனத்தின் பெயராகவே மனதில் படுவதில்லை. ஒட்டுத்தாடியும் நீண்ட அங்கியுமாக மேடையில் நின்று கூச்சலிடும் கூட்டம், அவ்வளவுதான். ஆனால் ஐரோப்பாவிலே, யூதர்கள் அடுத்த தெருவில் வாழ்ந்த நாடொன்றிலே, இதே காட்சி பக்தர்களின் கண்ணீரையும் பெற்றது. ஓர் இனத்தையே அழிக்க எண்ணியவனின் பாராட்டையும் பெற்றது. அந்த நாடகத்துக்கு எழுந்த கண்டனங்களையும், அது திருந்தி வந்த வழியையும் அறிந்துகொள்வது, வரும் பெரிய வெள்ளிக்கு ஒத்திகை பார்க்கும் நமக்கு நல்லது.

ஜேர்மனியின் தெற்கே, பவேரிய மலைச்சாரலில் ஒபராமர்காவ் என்றொரு கத்தோலிக்கக் கிராமம் உண்டு. 1633ல் கொள்ளைநோய் அங்கே புகுந்தது. நோய் நீங்கினால் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்டவரின் திருப்பாடுகளை நடித்துக் காட்டுவோம் என்று ஊரவர் நேர்த்தி வைத்தனர். 1634ல் முதல் நாடகம் நடந்தது. இடையிடையே போராலும் தடைகளாலும் நின்றதுண்டு எனினும், அந்த நேர்த்தி இன்றுவரை தீர்க்கப்பட்டு வருகின்றது. அவ்வூரிற் பிறந்தவர்களோ, இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களோதான் நடிக்கலாம். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் இரண்டாயிரம் பேர் வரை பங்கெடுக்கிறார்கள். பார்ப்பதற்கு உலகெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். நமது மடுத்திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போன காலத்தை நினைத்துக்கொண்டால் அவ்வூரின் பக்தியை விளங்கிக்கொள்ளலாம்.

அந்த நாடகத்துக்குப் பல பிரதிகள் இருந்தன. 1750ல் பெர்டினண்ட் ரோஸ்னர் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி எழுதிய பிரதியில் ஆண்டவரின் முக்கிய எதிரி லூசிபர். நரகமும் பாவமும் பேராசையுமே அங்கே சதி செய்கின்றன. 19ம் நூற்றாண்டில் ஒத்மார் வைஸ் சுவாமியாரும் பின்னர் டைசன்பேகர் சுவாமியாரும் எழுதிய புதிய பிரதிகளில் பசாசு மேடையை விட்டு இறங்கிவிட்டது. படித்த உலகம் பசாசைக் கண்டு சிரிக்கும் என்று எண்ணினார்கள் போலும். ஆனால் நாடகத்துக்கு எதிரி ஒருவன் வேண்டுமே. பசாசின் வெற்றிடத்தில் மனிதர் வந்து நின்றனர். தேவாலயத்திலிருந்து துரத்தப்பட்ட வியாபாரிகள் பழிவாங்கச் சதி செய்கின்றனர். குருக்களின் சங்கம் அவர்களோடு சேர்கின்றது. மக்கள் ஒரே குரலில் கொலை கேட்கின்றனர். அவர்களுக்கு எதிரே பிலாத்து மட்டும் நீதியுணர்வும் கண்ணியமும் உள்ள கனவானாக நிற்கிறான். பிரதான குருக்களின் தலைப்பாகைகளுக்குக் கொம்பு முளைத்தாற்போன்ற வடிவமும் வந்தது. பசாசு போன இடம் தெரிகிறதல்லவா!

இதை முதலிற் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க யூத குரு ஜோசப் கிரவுஸ்கோப். 1900ல் நாடகத்தைப் பார்த்துவிட்டு, 1901ல் தன் எண்ணங்களை நூலாக வெளியிட்டார். அவருடைய முறைப்பாட்டை அந்நாட்களில் ஊரவர் பொருட்படுத்தவில்லை. புகழ் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது.

பின்னர் 1934 வந்தது, முதல் நாடகத்தின் 300வது ஆண்டு நிறைவு. அவ்வாண்டு நாடகத்தைப் பார்க்க வந்தவர்களுள் அடோல்ப் ஹிட்லரும் ஒருவன். 1942ல், யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அவன் தன் தோழர்களிடம் இந்நாடகத்தைப் பற்றிப் பேசியது பதிவாகியுள்ளது. யூத இனத்தின் ஆபத்தை இதைப்போல் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை, பிலாத்துவிடம் உயர்ந்த இனத்தின் இயல்பைக் காணலாம், ஆகவே இந்நாடகம் தொடர்ந்து நடக்கவேண்டும் என்பது அவன் கருத்து. சிலுவையைக் கண்டு அவன் மனம் உருகியதாகத் தெரியவில்லை. அவன் கண்டது மேடையில் இரண்டு இனங்களை. ஒன்று உயர்ந்தது, மற்றது இழிந்தது. நாடகத்தில் நடித்தவர்களுள் நாசிக் கட்சியின் அங்கத்தவர்களும் இருந்தனர். அவர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பூசைக்குப் போய், செபமாலை சொல்லி, நேர்த்தியைத் தவறாமல் நிறைவேற்றிய கிராமத்து மக்களே அவர்கள். அதுதான் நமக்குப் பயந்தரும் செய்தி.

போருக்குப் பின், அறுபது இலட்சம் யூதர் மாண்டபின், 1950ல் அதே பிரதி பெரிய மாற்றமின்றி மேடையேறியது. கண்டனம் இப்போது வலுத்தது. அமெரிக்க யூத அமைப்புகளோடு ஆர்தர் மில்லர் போன்ற நாடகாசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்தனர். ஊரவரின் பதில் நமக்குப் பழக்கமான பதில்தான். இது எங்கள் முன்னோரின் நேர்த்தி. சுவிசேஷத்தில் உள்ளதைத்தானே நடிக்கிறோம். எங்களுக்கு எவர் மீதும் பகையில்லை. வெளியார் இதிலே ஏன் தலையிடுகின்றனர்?

இதற்கிடையே, 1965ம் ஆண்டு ஒக்டோபர் 28ம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத மதங்கள் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன் 4ம் பகுதியின் போதனையை நாம் அனைவரும் அறிந்திருக்கவேண்டும். ஆண்டவரின் மரணத்துக்கு அக்காலத்து யூதர் அனைவரையும் பிரித்துப் பாராமல் பொறுப்பாளியாக்கலாகாது. இக்காலத்து யூதரை ஒருபோதும் ஆக்கலாகாது. கடவுளால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று அவர்களைச் சித்திரிப்பது வேதாகமத்திலிருந்து வரும் முடிவன்று. சங்கம் புதிதாக எதையோ கண்டுபிடித்தது என்று நினைக்கவேண்டாம். 1566ல் வெளிவந்த திரிதெந்தீன் ஞானோபதேச நூலே, கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்த குற்றம் பாவிகள் அனைவருடையது என்றும், அவரை அறிந்தும் பாவம் செய்யும் கிறிஸ்தவர்களாகிய நமது குற்றம் யூதருடையதைவிடப் பெரிதென்றும் கற்பித்தது. நூல் அலுமாரியில் இருந்தது. மேடையில் வேறொன்று நடந்தது.

சங்கத்தின் போதனைக்கிணங்கப் பிரதியைத் திருத்தாதபடியால் 1970ல் மியூனிக் அதிமேற்றிராசனம் நாடகத்துக்கு வழக்கமான திருச்சபை அங்கீகாரத்தை அளிக்கவில்லை. யூத அமைப்புகள் பகிஷ்கரிப்புக் கோரின. 1977ல் ஊரவர் சிலர் பழைய ரோஸ்னர் பிரதியைப் பரீட்சார்த்தமாக மேடையேற்றிப் பார்த்தனர். பசாசு திரும்பி வந்தால் யூதர் மீதுள்ள பழி நீங்குமல்லவா! ஊரின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. 1980ல் டைசன்பேகர் பிரதியே சிறு திருத்தங்களோடு நடந்தது. திருந்துவதற்கு ஒரு தலைமுறை பிடித்தது. கிறிஸ்டியன் ஸ்டுக்கல் என்ற அவ்வூர் இளைஞர் 1990ல் நாடகத்தை இயக்கினார். 2000ம் ஆண்டின் மேடையேற்றத்திலே யேசுவைச் சீடர்கள் 'ரபி' என்று அழைத்தனர். இரத்தப்பழியை எங்கள் பிள்ளைகள் மேலும் ஏற்கிறோம் என்று கூட்டம் கத்தும் வசனம் (மத். 27:25) நீக்கப்பட்டது. கூட்டத்துக்குள்ளேயே யேசுவுக்குச் சார்பாகப் பேசுகிறவர்கள் தோன்றினர். பிலாத்து கொடியவனாகக் காட்டப்பட்டான். 2010ல் எபிரேய மொழிச் செபம் மேடையிற் பாடப்பட்டது. கொரோனா நோயினால் 2020லிருந்து 2022க்குத் தள்ளிப்போன நாடகத்தில், யூதாசாக நடித்தவர்களில் ஒருவர் துருக்கி வம்சத்து முஸ்லிம் இளைஞர். கொள்ளைநோயில் பிறந்த நாடகத்தை இன்னொரு கொள்ளைநோய் நிறுத்திவைத்தது ஒரு விசித்திரம்தான்.

சுவிசேஷ வசனத்தை மாற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் சுவிசேஷத்தைத் திறந்து வாசித்தால், நாம் மேடையில் காட்டுவது சுவிசேஷமா என்பதே சந்தேகமாகிவிடும். தலைவர்கள் யேசுவை இரகசியமாகப் பிடிக்கத் திட்டமிட்டது ஏன்? திருநாளில் பிடித்தால் மக்கள் கலகம் செய்வார்கள் என்ற பயத்தினால் (மத். 26:5). அப்படியானால் மக்கள் யார் பக்கம்? சிலுவைப் பாதையில் பெருங்கூட்டம் அழுதுகொண்டு பின்சென்றதையும், மரணத்தைக் கண்டவர்கள் மார்பில் அறைந்துகொண்டு திரும்பியதையும் லூக்காஸ் எழுதுகிறார் (23:27, 48). அரிமத்தியா ஊர் சூசை அதே சங்கத்தின் அங்கத்தவர். பிலாத்து கலிலேயரின் இரத்தத்தை அவர்களது பலிகளோடு கலந்தவன் (லூக். 13:1). சிலுவை உரோமருடைய தண்டனை. பிரதான குருவை நியமிப்பதும் நீக்குவதும் உரோம அதிகாரிகளின் கையிலிருந்தது. அருளப்பர் தம் சுவிசேஷத்தில் 'யூதர்' என்ற சொல்லை ஏறக்குறைய எழுபது தடவை ஆளுகிறார். பல இடங்களில் அது எருசலேமின் அதிகாரிகளைக் குறிக்கும். எழுதியவரும் யூதர், எழுதப்பட்டவரும் யூதர். தேவதாயை மறந்துவிடலாமா? இரத்தப்பழி வசனத்தைப் பற்றிப் பாப்பரசர் 16ம் ஆசீர்வாதப்பர் 2011ல் வெளியிட்ட நூலில் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. யேசுவின் இரத்தம் பழி கேட்கும் இரத்தமன்று. அது எல்லாருக்காகவும் சிந்தப்பட்டு ஒப்புரவாக்கும் இரத்தம் என்கிறார்.

ஒபராமர்காவ் எங்கே, மாத்தளை எங்கே? நம் மேடையில் யூதரைப் பகைத்தால் இங்கே எவருக்கும் நட்டமில்லை என்று தோன்றலாம். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது.

இம்மாவட்டத்தில் சிங்களவரும் தமிழரும் ஒரே கோவிலில் பூசை காணும் பங்கொன்றில், பல ஆண்டுகளுக்கு முன் சிங்கள இளைஞர்கள் பாஸ் காட்சி போட்டனர். யூதாசாக வந்த பையன் நல்ல நடிகன். முப்பது காசைக் கேட்கும் இடத்தில், தோட்டத்துத் தமிழர் பேசும் கொச்சைச் சிங்களத்தில் பேசினான். மண்டபம் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெரியவர் தோளில் கிடந்த துவாயை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஒன்றும் பேசவில்லை. மறு ஆண்டு எங்கள் தமிழ் இளைஞர்களின் முறை. உரோமச் சேவகர் யேசுவை அடிக்கும்போது சிங்களத்தில் கட்டளையிட்டனர். கைதட்டல் எழுந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் தட்டினேன். ஒத்திகைக்கு உதவியவனும் நானே. மண்டபத்தின் மறுபாதியில் இருந்தவர்களை அப்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பையன்கள் எவரும் தீயவர் அல்லர். மேடையில் ஒரு கெட்டவன் வேண்டியிருந்தபோது, அவனுக்கு ஏற்ற குரலை அவரவர் மனம் தேடி எடுத்தது. பசாசை இறக்கிவிட்டு யூதரை ஏற்றிய பவேரியர் செய்ததும் அதுதான். 'யூதர்' என்பது நிரப்பப்படாத ஓர் இடம். யாரை அங்கே வைப்பதென்பதை ஊரின் பகை தீர்மானிக்கிறது. ஊரின் பகை என்னவென்று மாத்தளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1983 யூலையில் இந்நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்ததையும், முத்துமாரியம்மன் கோவில் தேர்கள் எரிந்ததையும் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நாடகத்தில் எவரும் கவனிக்காமல் விடும் ஒரு சிறு வசனம் உண்டு. பிரதான குருவின் முற்றத்தில் இராயப்பர் குளிர்காய்ந்துகொண்டு நிற்கிறார். அங்கு நின்றவர்கள் அவரிடம், நீயும் அவர்களில் ஒருவன்தான், உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்கிறார்கள் (மத். 26:73). கலிலேயரின் பேச்சு வேறு, எருசலேமியரின் பேச்சு வேறு. இதைவிடக் கொடியதொன்று நீதிபதிகள் ஆகமம் 12ம் அதிகாரத்தில் வருகிறது. யோர்தான் துறையில் பிடிபட்டவர்களை ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, 'ஷிபொலெத்' என்பதை 'சிபொலெத்' என்றவர்களை வெட்டினார்கள். 42,000 பேர் மாண்டனர் என்கிறது வேதாகமம். நம் நாட்டிலும் அப்படி ஒரு சொல் இருந்தது. வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய' என்பர். தமிழ் நாவில் அதன் முதலெழுத்து வகரமாகி 'வால்திய' என்று வந்துவிடும். கலவர நாட்களில் தெருவில் மறிக்கப்பட்டவனின் உயிர் அந்த ஓரெழுத்தில் தங்கியிருந்தது.

அவுஸ்திரேலியாவிற் குடியேறிய நம் நாட்டு நாடகாசிரியர் ஏர்னஸ்ட் மக்கின்டயர் இதையே கருவாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாடகம் எழுதினார். இராசநாயகத்தின் கடைசிக் கலவரம் எனத் தமிழிற் சொல்லத்தக்க அது 1993ல் நூலாக வெளிவந்தது. ஒவ்வொரு கலவரத்தின்போதும் கொழும்பில் தன் சிங்கள நண்பனின் வீட்டில் ஒளிந்து தப்பும் இராசநாயகம், 1983ல் அந்தச் சொல்லை அவர்கள் கேட்கும்படி சொல்ல மறுத்துச் சாகிறார். ஒளிவதற்கு மாடிவீட்டு நண்பன் உள்ள மனிதனின் கதை அது. லயத்திலிருந்து தேயிலைக்குள் ஓடிப் படுத்தவர்களின் கதை அதில் இல்லை என்பது என் குறை. ஆயினும் இராயப்பரின் அருகில் வைத்துப் பார்க்கத் தகுந்த பாத்திரம் இராசநாயகம். ஒருவர் தன் பேச்சு காட்டிக்கொடுத்தபோது மறுதலித்தார். மற்றவர் மறுதலிக்கச் சம்மதிக்கவில்லை. இராயப்பரை நாம் குறை கூறுவது சுலபம். அந்த முற்றத்தில் கேட்கப்பட்ட கேள்வியைத் தெருவில் கேட்கப்பட்டவர்கள் அப்படிக் குறை கூறமாட்டார்கள்.

ஆகவே, இவ்வாண்டு ஒத்திகை பார்ப்போருக்குச் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க ஆயர்கள் 1988ல் திருப்பாடுகளின் நாடகங்களுக்கென வகுத்த வழிமுறைகளில் இவற்றுட் சில உண்டு. சில என் அனுபவம். கூட்டத்தை ஒரே குரலாக ஆக்காதீர்கள். அழுகிறவர்கள், வாதாடுகிறவர்கள், பயந்து ஒதுங்குகிறவர்கள் அதற்குள் இருக்கட்டும். கயபாசுக்கும் ஒரு பயம் உண்டு, அதைச் சொல்ல இடங்கொடுங்கள். உரோமர் வந்து தேசத்தை அழிப்பார்கள் என்ற அச்சத்தை அருளப்பரே எழுதியிருக்கிறார் (11:48). பிலாத்துவைக் கனவானாக்காதீர்கள். யேசுவுக்கு ஓர் உடையும் யூதருக்கு வேறோர் உடையுமாகத் தைக்காதீர்கள். அவரும் சீடர்களும் அவர்களைப்போலவே உடுத்தட்டும். யூதாசுக்கு எந்த ஊரின் பேச்சையும், எந்தச் சாதியின் பேச்சையும் கொடுக்காதீர்கள். ஒத்திகையின் கடைசி நாளில், உங்கள் மொழி பேசாத ஒருவரை அழைத்து முன்வரிசையில் இருத்திப் பாருங்கள். கிரவுஸ்கோப் 1900ல் கண்டதை ஒபராமர்காவ் ஊரவர் காண நூறு ஆண்டுகள் சென்றன. காரணம், மேடையில் நின்றவர்களுக்கு மேடை தெரிவதில்லை, காயப்பட்டவனுக்கே தெரிகிறது.

நம் மாவட்டத்திலேயே வாஹாகோட்டை அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. அவ்வூர்க் கத்தோலிக்கரிற் பலர் கண்டி அரசர் காலத்தில் அங்கே குடியேறிய போத்துக்கேயரின் வழிவந்தவர்கள். இன்று சிங்களம் பேசுகிறார்கள். ஆனி மாதத் திருநாளில் தமிழரும் சிங்களவரும் அங்கே ஒன்றாக மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். எவருடைய இரத்தம் எது என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

பெரிய வெள்ளி வழிபாட்டில் திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும் முறையைக் கவனித்திருப்பீர்கள். குருவானவர் ஆண்டவரின் வார்த்தைகளை வாசிக்கிறார். வாசகர் ஒருவர் வரலாற்றைச் சொல்கிறார். சிலுவையில் அறையும்படி கேட்கும் கூட்டத்தின் வார்த்தைகள் பல கோவில்களில் பீடத்திலிருந்து வருவதில்லை. அவை வாங்குகளில் இருக்கும் நமக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சிங்களப் பூசையில் சிங்களவருக்கு, தமிழ்ப் பூசையில் தமிழருக்கு. திருச்சபை அந்த வேடத்தை வேறெவருக்கும் கொடுக்கவில்லை. அதை உரத்துச் சொல்லச் சிலர் கூச்சப்பட்டு வாய்க்குள் முணுமுணுப்பதைக் கண்டிருக்கிறேன். இம்முறை மேடையில் கூட்டமாக நிற்கப்போகும் இளைஞர்கள், முதலில் கோவிலில் அந்த வார்த்தைகளைத் தம் சொந்தக் குரலில் ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்பின் வேடம் கட்டட்டும்.